இன்ஜினைச் சேர்த்தியா?

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
பிளஸ் ஒன் விண்ணப்பம் கசங்கக் கூடாதென்று
பழைய காலண்டர் அட்டையில்
கிளிப் போட்டுப் பிடித்திருந்தேன்.
எல்லாம் எழுதியாயிற்று,
ஒரு கட்டம் மட்டும் காலி:
விரும்பும் பாடப்பிரிவு.

எண்ணூர்ப் பக்கமிருந்து சரக்கு ரயில்
அவசரமே இல்லாமல் வந்தது.
கெசியா வாய்க்குள் எண்ணினாள்,
நானும்.
ஐம்பத்தெட்டு என்றாள்.
ஐம்பத்தொன்பது என்றேன்.
கேட் தூக்கிய பிறகும் அங்கேயே நின்று சண்டை.
"ஸ்கூல்ல போய் வச்சிக்கங்கம்மா உங்க கணக்க"
என்று ஹார்ன் அடித்தார் ஷேர் ஆட்டோக்காரர்.

கணக்கில் நான் எழுபத்தாறு.
அது ஒரு மாதிரியான நம்பர்.
ஃபெயிலானவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் கிடையாது,
தொண்ணூறு வாங்கியவர்களின் கேக்கும் கிடையாது.

எதிர்வீட்டு மெர்லின் அக்கா சொன்னாள்:
"காமர்ஸ் எடு. அதுலயும் கம்ப்யூட்டர் கீது,
கணக்குதான் இல்ல."
முள்ளில்லாத மீன் போலச் சொன்னாள்.
எங்கள் பக்கத்தில்
முள்ளைப் பார்த்த பிறகுதான் மீனை நம்புவோம்.

மாமா சொன்னார்:
"பயாலஜியோட கணக்கு எடு,
ரெண்டு கதவும் தொறந்திருக்கும்."
எங்கள் வீட்டுக்கு இருப்பதே ஒரு கதவு.
போன மழையில் உப்பிக்கொண்டது,
உதைத்தால் திறக்கும்.

அம்மா கார்மென்ட்ஸில் பட்டன் எண்ணுகிறாள்,
கட்டுக்கு நூற்று நாற்பத்து நான்கு.
"எதுவா இருந்தாலும்
நடுவுல மாத்தாத" என்றாள்,
நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

அப்பா டிரெய்லரோடு
துறைமுக கேட்டுக்கு வெளியே நிற்கிறார்,
பதினெட்டு மணி நேரமாக.
முன்னால் எத்தனை வண்டி என்று
அவருக்குத் தெரியாது.
போனில் கேட்டார்:
"எதப் படிச்சா இந்த லைன்ல நிக்க வேணாம்?"
"லைனப் பத்தியே ஒரு பாடம் இருக்குப்பா.
மொதல்ல வந்தது மொதல்ல போவும்."
சிரித்தார்.
"புக்குல அப்பிடித்தான் போட்டிருப்பான்."

அந்த புக், கெசியா அக்காவுடையது.
அறுபத்து மூன்றாம் பக்கம் வரை
பென்சில் கோடுகள்,
ஓரத்தில் குட்டிக் குட்டியாகச் சந்தேகங்கள்.
அறுபத்து நான்கிலிருந்து
கடையில் வாங்கியது போல் சுத்தம்.
ஏன் என்று கெசியா சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
கடைசியாகக் கோடு போட்ட வரி இதுதான்:
எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது.

லேப் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
பன்னிரண்டு கம்ப்யூட்டர்,
நான்கின் மேல் 'பழுது' என்று காகிதம்.
ஏசி இல்லை, ஆனாலும் செருப்பு வெளியே.
அட்மிஷன் வரிசை அதைத் தாண்டி
தண்ணீர்த் தொட்டி வரை நின்றது.

"நீ இன்ஜினைச் சேர்த்தியா?"
திடீரென்று கேட்டாள் கெசியா.
"சேர்த்தேன். நீ?"
"இல்ல."
புத்தகத்தைத் திறந்து
அக்கா கோட்டின் மேல் விரல் வைத்தேன்.
இன்ஜின்தான் பூஜ்யம்.
அப்படியானால் கடைசிப் பெட்டி ஐம்பத்தெட்டு,
மொத்தம் ஐம்பத்தொன்பது.
காலையிலிருந்து இரண்டு பேரும்
சரியாகவே இருந்துகொண்டு
சண்டை போட்டிருக்கிறோம்.

கணிதம், கணினி அறிவியல்
என்று கட்டத்தில் எழுதினேன்.
'னி'யின் சுழி கோட்டைத் தாண்டிவிட்டது.
"எழுவத்தாறா? லிஸ்ட் ஒட்டுவோம், பாரு"
என்றார் கிளார்க்,
முகத்தைப் பார்க்காமல் சீல் குத்தியபடி.
கெசியா எழுதியது வணிகக் கணிதம்.
ஒரே புத்தகத்தை இனி பாதியாக்க வேண்டாம்.
"வச்சிக்கோ" என்றாள்.
அவ்வளவுதான் பேச்சு.

திரும்பும்போதும் கேட் போட்டிருந்தது.
இன்ஜின் எங்களைக் கடந்ததும்
"பூஜ்யம்" என்றாள் கெசியா,
பைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி.
அதன் பிறகு தப்பே இல்லாமல் எண்ணினோம்,
ஒரே குரலில், நாற்பத்து மூன்று வரை.

கடைசியில் கார்டு பெட்டி வந்தது.
பச்சைக் கொடியோடு ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.
அதைச் சேர்க்கணும் என்கிறாள் அவள்.